டிரூ கேரி ஷோ: போகப் போக ஆபீஸ் கதை கூடுமா?

கோவை வாசுகி:
மேடை நகைச்சுவைக் கலைஞர்களை வைத்து, வேலையிடத்தில் நடக்கும் சிட்காம்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது டிரூ கேரி நடித்த அமெரிக்கத் தொடரான டிரூ கேரி ஷோவில் முதல் சீசன் முடித்தேன். டிரூ ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பணியாளர் பிரிவில் உதவி அதிகாரி. நானும் துணிக்கடையில் எச்.ஆர். என்பதால் உடனே ஒட்டிக்கொண்டது. மேக்கப் கவுன்டர் வேலை கேட்டு வந்த மிமியை அவர் வேண்டாம் என்கிறார், அவளோ மேலதிகாரியின் உதவியாளராகி அதே ஆபீஸுக்கு வந்துவிடுகிறாள். அருமை! ஆனால் நண்பர்களோடு பியர் குடிக்கும் காட்சிகள் நிறைய. மொத்தம் 9 சீசன், 233 எபிசோட் என்கிறார்கள். தொடரலாமா?

சுந்தர்:
தாராளமாக. முதல் சீசனில் மேலதிகாரி பெல் பெரும்பாலும் ஸ்பீக்கர் போனில் வரும் குரல்தான். இரண்டாவது சீசனில் நைஜல் விக் வருகிறார், நடித்தவர் கிரெய்க் ஃபெர்கூசன். ஆட்களை வேலையை விட்டுத் தூக்குவதை விளையாட்டாகவே வைத்திருப்பார். ஆபீஸ் அங்கேதான் சூடு பிடிக்கிறது.

ஏரிக்கரை:
வாசுகி, அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் பக்கம் சில வருடம் குடியிருந்தவன் நான். (அந்த ஊர் என்றாலே நம்மவர்களுக்கு 1978-ல் தொடங்கிய தியாகராஜ ஆராதனைதான் ஞாபகம் வரும்.) டிரூ கேரி அங்கேயே பிறந்தவர், கதையும் அங்கேதான் நடக்கிறது. அதனால் அந்தக் கடையை வெறும் செட்டாக என்னால் பார்க்க முடியவில்லை.

நகர மையத்தில் இருந்த பெரிய கடைகளில் ஹாலீஸ் 1982-ல் மூடியது. மே கம்பெனி கடை 1993-ல் போனது. ஹிக்பீஸ் 1992-ல் டில்லார்ட்ஸ் கைக்கு மாறி, 2002-ல் அதுவும் மூடப்பட்டது. தொடர் ஏபிசி சேனலில் ஆரம்பித்தது 1995-ல். அதாவது டிரூ வேலை பார்க்கும் வின்ஃப்ரெட் லவுடர் மாதிரியான கடைகள் அந்த ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்த சமயம். கதையிலும் அந்தக் கடை பின்னால் மூடத்தான் போகிறது. விக் ஒருவரைத் துரத்தும்போது நானும் சிரிப்பேன், ஆனால் வெளியே போனால் அவருக்கு அடுத்த கடை எங்கே இருக்கிறது என்ற நினைப்பும் கூடவே வரும்.

பியர் காட்சிகளைத் தள்ளிவிடாதீர்கள். டிரூவின் நண்பர்களில் லூயிஸுக்கு மருந்து கம்பெனியில் துப்புரவு வேலை, ஆஸ்வால்ட் பார்சல் வண்டி ஓட்டுகிறான். இவர்கள் சேர்ந்து டிரூ வீட்டு கேரேஜில் காபி கலந்த பியர் காய்ச்சி விற்கிறார்கள். சம்பளம் போதாதவர்கள் பக்கத்தில் ஒரு தொழில் பார்ப்பதுதான் அது. எனக்கு அதுவும் வேலையிடக் கதையே.

அப்புறம் கேரியின் நடிப்பு. தடித்த கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, ஒட்ட வெட்டிய முடி, எப்போதும் கொஞ்சம் சிரித்த முகம். 1991-ல் ஜானி கார்சன் நடத்திய இரவு நேர டிவி பேட்டி நிகழ்ச்சியில் மேடையில் பேசி முடித்ததும், கார்சன் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். அப்படி ஒரு மேடைக்காரரை வேறு யாராவது என்றால் எல்லோரையும் மடக்கிப் பேசும் ஆளாக எழுதியிருப்பார்கள். இங்கே அவர் முதலாளியும் இல்லை, சாதாரண ஊழியரும் இல்லை. மேலே எடுக்கிற முடிவைக் கீழே போய்ச் சொல்கிறவர், இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவர். உங்கள் வேலையில் இது இல்லாமலா இருக்கும்?

கோவை வாசுகி:
இல்லாமலா! வேலை போகிறது என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, மத்தியானம் அதே கேன்டீனில் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். சரி, தொடர்கிறேன். ஆனால் டிவிடி முதல் சீசனோடு நிற்கிறதே?

சுந்தர்:
ஆமாம், 2007-ல் அது ஒன்றுதான் வந்தது. தொடரில் பாட்டுகள் ஏராளம், அவற்றின் உரிமைதான் சிக்கல் என்பார்கள். மற்ற சீசன்கள் கிடைத்தால் 1999 நவம்பரில் வந்த நேரலை எபிசோடை விடாதீர்கள். கேரியும் லூயிஸாக நடிக்கும் ரயான் ஸ்டைல்ஸும் நடுவில் எழுதாத வசனத்தை அங்கேயே கற்பனை செய்து பேசுவார்கள். வெவ்வேறு நேர மண்டலங்களுக்காக அன்று இரவே திரும்பவும் நடித்தார்கள், அதனால் நீங்கள் பார்ப்பதும் நான் பார்த்ததும் ஒன்றாக இருக்காது.