எரிபொருள் தொட்டி வால்வின் ஃப்ளோட்: ‘மிதவை’ போதுமா?

> ஃப்ளோட்டுக்கு ‘மிதவை’ ஏற்கெனவே இருக்கிறது. ரோல்ஓவர் வால்வைக் ‘கவிழ்தடுப்பு வால்வு’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

அன்புள்ள ஐயா,

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்கெனவே உள்ள கார்புரேட்டர் (என்ஜினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் உறுப்பு) ஃப்ளோட்டுக்கு ‘மிதவை’ முழுப் பொருத்தம். பழைய வண்டிகளில் உள்ளே காலியாக விட்டுப் பற்றவைத்த பித்தளை மிதவை இருக்கும். சிலவற்றில் அரக்குப் பூசிய தக்கை. இரண்டும் பெட்ரோலில் தாமாகவே மிதந்தன. (அரக்கு ஆல்கஹாலில் கரையும் என்பதால் எத்தனால் என்னும் ஆல்கஹால் கலந்த பெட்ரோலுக்கு அந்தத் தக்கை ஆகாது.)

எரிபொருள் தொட்டியின் மேல் இருக்கும் ரோல்ஓவர் வால்வில் கதை வேறு. ஆவியை வெளியே விட வேண்டும். பெட்ரோல் ஏறி வந்தாலும் வண்டி தலைகீழானாலும் வழியை அடைக்க வேண்டும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், பெட்ரோலின் அடர்த்தி ஏறக்குறைய 0.72 முதல் 0.775 வரை. ஃப்ளோட்டோ பெரும்பாலும் அசிட்டால் என்னும் பிளாஸ்டிக், நம் பட்டறைகளில் டெல்ரின் என்று கேட்டு வாங்குவது. அதன் அடர்த்தி ஏறக்குறைய 1.41. தனியே போட்டால் மூழ்கிவிடும். அடியில் உள்ள மெல்லிய சுருள்வில்லும் பெட்ரோலின் மிதப்பு விசையும் சேர்ந்துதான் அதை மேலே தூக்குகின்றன.

இந்தக் கனம் வேண்டுமென்றே வைத்தது. வண்டி கவிழும்போது வால்வின் வாய் கீழே வந்துவிடும். பெட்ரோலைவிட லேசான பொருள் என்றால் வாயை விட்டு விலகி மேலே மிதக்கப் பார்க்கும், எரிபொருள் ஒழுகும். கனமானது தன் எடையாலேயே வாயில் போய் அமரும், சுருள்வில்லும் அதே திசையில் தள்ளும். வெறும் ‘மிதவை’ என்று படிக்கும் மாணவர், லேசான பொருளாகத் தேடுவதே சரி என்றுதான் நினைப்பார். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்த மயக்கம் கூடாது.

பொருள் தேர்வில் இன்னொன்று, ஊறுதல். நைலான் ஆல்கஹாலை உறிஞ்சிப் பருக்கும். பாலிஎத்திலீன் பெட்ரோலிலேயே பருக்கும். ஃப்ளோட் சிறிது பருத்தாலும் வால்வின் கூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். அசிட்டால் இரண்டிலும் அளவு மாறுவது மிகக் குறைவு.

ஆகவே இந்த உறுப்புக்கு ‘எடைமிதவை’ என்று முன்மொழிகிறேன். ‘சுருள்வில் மிதவை’யும் தவறில்லை, ஆனால் கனத்தை அது சொல்லவில்லை. ‘கவிழ்தடுப்பு’ என்றால் வண்டி கவிழாமல் தடுப்பது என்றாகிவிடும். ‘கவிழடைப்பு வால்வு’ என்று மாற்றலாமா? வால்வு வால்வாகவே இருக்கட்டும், மெக்கானிக்குகள் வாயில் வேறு சொல் நுழையாது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள் ஐயா. இல்லையென்றால் கார்புரேட்டர் பதிவைத் தொடாமல், இதைத் தனிப் பதிவாகச் சேர்த்துவிடுகிறேன்.