ஒன்றரைக்கை வாள்: அசலா, 19ஆம் நூற்றாண்டு நகலா? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இங்கே ஜெர்மனியில் ஏலத்துக்கு வரும் ஒரு ஒன்றரைக்கை வாளை (ஒரு கையாலும் இரு கையாலும் பிடிக்கும் வாள்) வாங்கலாமா என்று யோசிக்கிறேன். 15ஆம் நூற்றாண்டு, தெற்கு ஜெர்மனி என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். எடை 1.5 கிலோ, அலகு (வெட்டும் பகுதி) 90 செ.மீ. நுனியை நோக்கி நன்றாகக் குறுகுகிறது, நடுவில் மேடு ஓடுகிறது. இடைக்கால ஐரோப்பிய வாள்களை வடிவத்தை வைத்துப் பிரிக்கும் ஓக்‌ஷாட் வகைப்பாட்டில் 15ஏ என்று நினைக்கிறேன்.

அலகில் பித்தளை இழைத்த ஓநாய்க் குறி இருக்கிறது. ஆனால் ஜெர்மனியின் பசாவ் நகரக் கொல்லர்களின் அந்தக் குறியை சோலிங்கன் நகரக் கொல்லர்களும் போட்டார்கள், பின்னால் நகல் செய்தவர்களும் போட்டார்கள். அதை மட்டும் நம்ப முடியாது.

என்னை உறுத்துவது துருக்குழிகள்தான். அலகு முழுக்க ஒரே ஆழம். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் உள்ள குறுக்குக் காப்பிலும் அப்படியே. மண்ணிலோ ஆற்றிலோ கிடந்த வாள் இவ்வளவு சீராக அரிக்குமா? அமிலம் வைத்த மாதிரி தெரிகிறது. அப்புறம், பிடியின் முனையில் உள்ள குமிழின் உச்சியில், அலகின் வால் (பிடிக்குள் போகும் பகுதி) அடித்து மடிக்கப்பட்ட இடம் புதிதாக மின்னுகிறது. பழைய அலகுக்குப் புதுப் பிடி போட்டிருக்கலாமோ என்றும் சந்தேகம்.

பிரான்சில் 1453இல் போர் நடந்த காஸ்டியோன் களத்துக்கு அருகே டோர்டோன் ஆற்றில் கிடைத்த வாள்களை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவற்றின் அரிப்பு எப்படி இருக்கும்? 1856க்குப் பிந்திய பெசிமர் எஃகா (ஆலையில் மொத்தமாக உருக்கிய எஃகு) என்று அலகைச் சேதப்படுத்தாமல் கண்டுபிடிக்க வழி உண்டா? ஏலக்காரர்களிடம் எந்தெந்தக் கோணத்தில் படம் கேட்கலாம்? சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.