மேலாளர் 'கான்ஃப்ளிக்ட்' என்று எழுதினால் சண்டை என்று அர்த்தமா?

வெளிநாட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக இந்த இழை. மேலாளரிடமிருந்து ஒரே வரியில் மெயில் வரும்: "மூன்று மணிக்கு எனக்கு ஒரு கான்ஃப்ளிக்ட் இருக்கிறது." அந்தச் சொல்லுக்கு மோதல், போராட்டம் என்றே படித்து வந்தவர்களுக்கு வயிறு கலங்கிவிடும். பயப்பட ஒன்றுமில்லை. அதே நேரத்தில் அவருக்கு வேறொரு வேலை இருக்கிறது, அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், வேறு இரண்டு நேரங்களைக் குறிப்பிட்டுப் பதில் போடுங்கள். உங்களுக்கு நேரம் ஒத்துவராதபோதும் இதே வார்த்தையை எழுதலாம். பெரும்பாலும் காரணம் விளக்க வேண்டியிருக்காது.

லத்தீனில் இந்தச் சொல்லின் வேருக்கு ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது என்று பொருள். முட்டிக்கொள்பவை மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மென்பொருள் நிரலின் ஒரே வரியை இரண்டு பேர் வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால், அந்த மாற்றங்களை ஒன்றுசேர்க்கும் 'கிட்' (Git) என்ற கருவி 'மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்' என்று காட்டும். ஒரு படிவத்தில் உங்கள் பெயர் இனிஷியலோடும் இன்னொன்றில் விரிவாகவும் இருந்தால், விவரங்கள் 'கான்ஃப்ளிக்டிங்' என்று கடிதம் வரலாம். உங்களைப் பொய்யர் என்று சொல்கிறார்கள் என நினைக்காதீர்கள். இரண்டும் பொருந்தவில்லை, எது சரி என்று தெளிவுபடுத்துங்கள் என்கிறார்கள்.

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியது 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்'. வேலையில் சேரும்போதே பல நிறுவனங்கள் இதற்கென ஒரு படிவம் தருவார்கள். நிறுவனத்துக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமையும் உங்கள் சொந்த நலனும் எங்காவது மோதுகிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் மைத்துனர் வேலை பார்க்கும் கம்பெனியிடமிருந்து உங்கள் குழு பொருள் வாங்குகிறது. நீங்கள் நேர்காணல் செய்யப்போகிறவர் உங்கள் அறைத்தோழர். வார இறுதியில் இதே துறையில் வேறொருவருக்கு வேலை செய்து கொடுக்கிறீர்கள். இதெல்லாம் இதில் வரும். நம்மில் பலர் 'ஆமாம்' என்று டிக் அடித்தால் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று அஞ்சி 'இல்லை' என்று போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் அந்த ஒரு முடிவிலிருந்து மட்டும் உங்களை விலக்கி வைப்பார்கள். மறைத்தது பின்னால் தெரியவந்தால் வேலைக்கே ஆபத்து, சில விசாக்களில் வேலை போனால் தங்கும் உரிமையும் சிக்கலாகும்.

வாடகை வீட்டுக்காரரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ வாக்குவாதம் ஆனால் அதை 'ஆர்க்யூமென்ட்' என்று சொல்லுங்கள். நம் பேச்சில் எல்லாவற்றையும் 'ஃபைட்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அலுவலகத்திலோ பள்ளியிலோ காவலரிடமோ அதைச் சொன்னால் கைகலப்பு என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. கார்டில் நீங்கள் செய்யாத செலவு வந்திருந்தால் வங்கியிடம் சொல்ல வேண்டியது 'டிஸ்ப்யூட்'. செய்திகளில் வரும் 'ஆர்ம்டு கான்ஃப்ளிக்ட்' மட்டும் உண்மையிலேயே ஆயுதமேந்திய சண்டை. 1949 ஜெனீவா ஒப்பந்தங்களிலேயே இருக்கும் சொல் அது.

உச்சரிப்பு: பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முதல் அசையில், கான்-இல். வினையாக வரும்போது ஃப்ளிக்ட்-இல். 'ரெகார்ட்', 'பெர்மிட்' போன்றவையும் அப்படித்தான்.

அப்புறம், நேர்காணலில் "சக ஊழியரோடு வந்த ஒரு கான்ஃப்ளிக்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். "நான் யாரோடும் சண்டை போட்டதில்லை" என்பது நம் ஊர்க் காதுக்கு நல்ல பதில். கேட்பவருக்கோ நீங்கள் கேள்வியைத் தவிர்ப்பதுபோல் தோன்றும். அவர் சண்டைக் கதை கேட்கவில்லை. வேலையில் கருத்து வேறுபட்டபோது எப்படி நடந்துகொண்டீர்கள் என்று பார்க்கிறார். ஆகவே வேலை சம்பந்தமான ஒன்றை எடுங்கள்: மென்பொருளைச் சோதனை முடிக்காமலே வெளியிடலாம் என்றார் அந்தச் சக ஊழியர், நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அவர் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லுங்கள், பிறகு நீங்கள் செய்தது, கடைசியில் என்ன முடிவானது. அவரைக் குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். முடிவு உங்கள் பக்கம் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கும்படி முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.