மார்ச் 14-ல் வந்த பிஸ்கட் பெட்டி

டோக்கியோவில் ஓர் அலுவலகத்தில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தேன். எங்கள் பிரிவில் ஆண்கள் பதினேழு பேர், பெண்கள் நான்கு பேர். 2014 ஜனவரி கடைசியில், எங்கள் பெண்கள் நால்வரில் மூத்த அக்கா என் மேசைக்கு வந்து, "ஆளுக்கு இரண்டாயிரம் யென்" என்று மெல்லிய குரலில் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். காதலர் தினத்துக்காம். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான். திகைத்துப்போனேன்.

ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று சாக்லேட் கொடுப்பவர்கள் பெண்கள், வாங்குபவர்கள் ஆண்கள். சாக்லேட்டைச் சுருக்கிச் சோக்கோ என்பார்கள். மனதுக்குப் பிடித்தவருக்குக் கொடுப்பது ஹொன்மெய் சோக்கோ. கூட வேலை செய்பவர்களுக்கும் மேலதிகாரிக்கும் கொடுப்பது கிரி சோக்கோ. கிரி என்றால் கடமை, செய்தே ஆக வேண்டிய முறை. அந்த அக்காவிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. எந்த ஆண்டு யாருக்கு என்ன கொடுத்தோம், மார்ச்சில் என்ன திரும்ப வந்தது என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். நம் வீட்டு மொய் நோட்டைப் பார்த்த மாதிரியே இருந்தது.

பிப்ரவரி முதல் ஞாயிறு அவரோடு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் அடித்தளத்துக்குப் போனேன். கண்ணுக்கு எட்டிய வரை பெண்கள். விலை குறைந்தால் அவமதிப்பு, கூடினால் தப்பர்த்தம் என்று அவர் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து எடுத்து வைத்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. 14-ம் தேதி கடும் பனி. அன்று தொடங்கிய பனி மறுநாளுக்குள் டோக்கியோவில் 27 சென்டிமீட்டர் வரை குவிந்தது. ரயில் நிற்பதற்குள் கிளம்புங்கள் என்று மதியமே சொல்லிவிட்டார்கள். நாங்கள் நால்வரும் மட்டும் கிளம்பாமல், ஆண்கள் கோட்டை மாட்டுவதற்குள் மேசை மேசையாக ஓடிக் கொடுத்து முடித்தோம்.

மார்ச் 14 ஒயிட் டே, ஆண்கள் திருப்பிக் கொடுக்கும் நாள். மேலாளர் எங்கள் நால்வருக்கும் அழகாகச் சுற்றிய பிஸ்கட் பெட்டி கொடுத்தார். நன்றி சொன்னேன். "என் மனைவிதான் தேர்ந்தெடுத்தார்" என்றார். கேட்டுப் பார்த்தால் முக்கால்வாசிப் பேருக்கும் மனைவிதான் வாங்கித் தந்திருக்கிறார். பிப்ரவரியில் நாங்கள் அலைந்தோம், மார்ச்சில் நாங்கள் பார்த்தே இராத பெண்கள் அலைந்தார்கள். இன்றும் எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். சாக்லேட் பிடிக்காமல் இல்லை. நினைவு வைப்பது, கணக்கு வைப்பது, பொருத்தம் பார்ப்பது எல்லாம் இரண்டு மாதமும் பெண்கள் தலையிலேயே விழுந்தது.

இது பழைய மரபும் இல்லை. 1958-ல் ஷின்ஜுகுவில் இசெட்டான் கடையில் மேரி சாக்லேட் நிறுவனம் காதலர் தின விற்பனை வைத்தபோது மொத்தம் 170 யென்னுக்குத்தான் வியாபாரம் ஆனதாம். வியாபாரிகள் ஊட்டி வளர்த்த வழக்கம், ஒரு தலைமுறைக்குள் கடமையாகிவிட்டது.

2018 பிப்ரவரி 1 அன்று நிக்கேய் நாளிதழில் கோடிவா நிறுவனம் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது: ஜப்பானே, கிரி சோக்கோவை நிறுத்துவோம் என்று. சாக்லேட் விற்கிறவர்களே சொன்னார்கள்! அக்கா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டுக்குள் வைத்தார். அந்த ஆண்டு அவர் யாரிடமும் பணம் கேட்டு வரவில்லை.

* * *

சகோதரி எழுதியதைப் படித்ததும் ஃபுகுவோகாவில் படித்த நாட்கள் ஞாபகம் வந்தன. எங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு மாணவி. ஒன்பது பேருக்கும் வீட்டிலேயே பிரவுனி செய்து, தனித்தனிப் பையில் கட்டிக் கொண்டுவந்தார். நன்றி சொல்லிச் சாப்பிட்டுவிட்டு மறந்துவிட்டேன். மார்ச் 13 மாலை சீனியர் ஒருவர், "நாளைக்கு என்ன தருகிறாய்?" என்று கேட்டபோதுதான் திருப்பித் தரவேண்டும் என்பதே தெரிந்தது. கடைக்கு ஓடி மார்ஷ்மெலோவை எடுத்தேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். மிட்டாய் கொடுத்தால் பிடிக்கும் என்று அர்த்தமாம், பிஸ்கட் என்றால் நட்பு, மார்ஷ்மெலோ என்றால் பிடிக்கவில்லை.

ஆனால் அந்த நாள் பிறந்ததே மார்ஷ்மெலோவில்தான் என்கிறார்கள், அதுவும் அதே ஊரில். ஆண்கள் ஏன் எதுவும் திருப்பித் தருவதில்லை, ஒரு மார்ஷ்மெலோவாவது தரலாமே என்று ஒரு பெண் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்துத்தான், இஷிமுரா மன்செய்தோ என்ற ஃபுகுவோகா இனிப்புக் கடை 1970-களின் கடைசியில் மார்ச் 14-ஐ மார்ஷ்மெலோ நாளாகக் கொண்டாட ஆரம்பித்தது. பெண்ணின் மனத்தாங்கலில் தொடங்கிய நாள் என்று தெரிந்த பிறகு, கடைசி நேரத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டியது உறுத்தியது. அடுத்த பிப்ரவரி 14-க்கு ரவா லட்டு பிடித்துக்கொண்டு போனேன். ஆண் கொடுத்தால் அதற்கு க்யாகு சோக்கோ, தலைகீழ் சாக்லேட் என்று தனிப் பெயரே உண்டு. அவர் வாங்கச் சற்றுத் தயங்கினார். அப்புறம் செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டார்.

* * *

நாங்கள் இருப்பது டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில். என் மகள் ஐந்தாம் வகுப்பு. அவள் வயதுப் பெண்களுக்கு இப்போது காதலும் கடமையும் பெரிதில்லை, தோமோ சோக்கோதான், தோழிகளுக்குள் மாற்றிக்கொள்வது. பள்ளிக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதால் சாயங்காலம் பூங்காவில் சந்தித்துக் கொடுத்துக்கொள்வார்கள். 13-ம் தேதி இரவு என் அடுப்படி முழுக்க உருகிய சாக்லேட். நாங்கள் சைவம் என்பதால், திரும்பி வருவதில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் என் வேலை.

போன ஆண்டு என் மகன், இரண்டாம் வகுப்பு, வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். "அம்மா, இது அக்காக்கள் மட்டும்தான் செய்யணுமா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லிக் கரண்டியைக் கையில் கொடுத்தேன். ஆறு பை கட்டினான். ஐந்தில் பெயர் எழுதினான். ஆறாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.