தீவகத் தரவையில புல்லைத் திரும்பக் கொண்டுவாறது எப்பிடி?

தீவான்:
யாழ்ப்பாணத் தீவகத்தில வேலணைப் பக்கம் 32 பரப்பு (2 ஏக்கர்) தரவைக் காணி, அதாவது வெளியான மேய்ச்சல் நிலம். இறைச்சிக்கு வளர்க்கிற நாம்பன் 6 மேயுது. மேல்மண் ஒரு சாண்தான், கீழ முருகைக்கல்லு. நிலம் பாதி வெறுமை, மிச்சம் பார்த்தீனியமும் எருக்கலையும். கினிப் புல்லு மாரியில வருது, பங்குனி வெயிலோட கருகுது. ஆழ உழுது கோ-3 (கலப்பு நேப்பியர் புல்லு) நடச் சொல்லுகினம். கிணறு நன்னீர், ஆனா கூட இறைச்சால் உவர்க்கும். என்ன செய்யலாம்?

பட்டிக்காரன்:
கோ-3 வேண்டாம். அது வெட்டிப் போடுற புல்லு. தண்ணியும் உரமும் கேட்கும், மாடு மிதிச்சால் தூர் போயிடும். உந்தச் சுண்ணாம்பு மண்ணுக்குக் கொழுக்கட்டைப் புல்லுத்தான் சரி. வெள்ளம் நிக்கிற பள்ளத்தில மட்டும் அது அழுகும். அங்க நீர்ப்புல்லுத் தண்டை நடுங்கோ.

ஆழ உழாதேங்கோ. கல்லு மேல வரும், புதைஞ்சு கிடக்கிற பார்த்தீனிய விதையும் வெளிச்சம் கண்டு முளைக்கும். முதல் மழைக்குக் களை முளைக்க விட்டு, கொத்துக் கலப்பையால மேலாகக் கீறி அழிச்சிட்டு, ஐப்பசியில விதையுங்கோ. 2 ஏக்கருக்கு 5 கிலோ விதை காணும். பஞ்சு மாதிரி ஒட்டுற விதை, மணலோட கலந்தாத்தான் சீராய் விழும். 1 செ.மீ.க்கு மேல மூடினால் முளைக்காது. முள்ளுக்கொப்பை இழுத்துவிட்டால் போதும். புது விதை உறங்கும், ஆறு மாதமாவது பழசா வாங்குங்கோ. வாங்கினதும் 100 விதையை ஈரச்சாக்கில போட்டுப் பாருங்கோ. 30க்குக் குறைய முளைச்சால் அளவைக் கூட்டுங்கோ.

வயற்கரை:
அடியுரமா எப்பாவல பாறைப் பொஸ்பேற் போடலாம், மலிவு.

பட்டிக்காரன்:
உங்க அது வேலை செய்யாது. பாறைப் பொஸ்பேற் கரைய அமில மண் வேணும். சுண்ணாம்பு மண்ணில அப்பிடியே கிடக்கும். டி.எஸ்.பி. (ட்ரிபிள் சூப்பர் பொஸ்பேற்) போடுங்கோ. யூரியாவையும் மண்ணுக்கு மேல சும்மா எறிஞ்சு விட்டால் ஒரு பங்கு காத்தோட போகும். மழைக்கு முன்னுக்கோ, ஈரத்தில கிளறியோ போடவேணும்.

கதிகால்:
புல்லு வந்தாப் பிறகு கெடுக்கிறது கயிறுதான். ஒரே கட்டையில நாலு நாள் கட்டினால் அந்த வட்டம் வேரோட போயிடும், அங்கதான் பார்த்தீனியம் திரும்ப வரும். கட்டையை ஒவ்வொரு நாளும் மாத்துங்கோ. 10 செ.மீ. தூர் மிஞ்ச மாட்டை எடுத்திடுங்கோ. மாரியில ஒரு மாதம், கோடையில ரெண்டு மாதம் ஓய்வு வேணும். முதல் வருசம் ஒருக்கா விதை கொட்டவிட்டுத்தான் மாட்டை விடுறது. அதுக்கு முன்னம் கையால இழுத்துப் பாருங்கோ, வேரோட வந்தால் இன்னும் காலமிருக்கு. பார்த்தீனியத்தைப் பூக்க முன்னம் ஈர மண்ணில கையுறை போட்டுப் பிடுங்குங்கோ.

வேலி ஓரம் இப்பில்-இப்பில் (சவுண்டல்) மரம் போடுங்கோ, சுண்ணாம்பு மண்ணில நல்லா வரும். விதையை 80 பாகை சுடுதண்ணியில 4 நிமிசம் விட்டு எடுத்து நடவேணும். தீனியில மூண்டில ஒரு பங்குக்கு மேல வேண்டாம், மயிர் கொட்டும்.

தீவான்:
அப்ப 6 நாம்பனையும் உதே தாங்குமோ?

கதிகால்:
தாங்காது. 250 கிலோ நாம்பன் நாளுக்கு 6 கிலோ காய்ஞ்ச தீனி தின்னும். ஆறுக்கும் வருசத்துக்கு 13 தொன் வருது. மழையை நம்பின 2 ஏக்கரில அது கிடைக்காது. வைகாசியில இருந்து வைக்கோலும் பனையோலையும் வேணும், இல்லாட்டி ரெண்டைச் சித்திரைக்குள்ள வித்திடுங்கோ.