ஊட்டிக் குளிரில் உகி வினை நடக்கவில்லை, காரணம் என்ன?

கேள்வி (எம்.எஸ்சி. மாணவி, ஊட்டி):
உகி வினைக்கு (ஆல்டிஹைடு, அமீன், அமிலம், ஐசோசயனைடு நான்கும் சேர்ந்து ஒரே பொருளாகும் வினை) நான் எடுத்தவை: பென்சால்டிஹைடு, பென்சைலமீன், அசெட்டிக் அமிலம், சைக்ளோஹெக்சைல் ஐசோசயனைடு. நான்கையும் டைகுளோரோமீத்தேனில் ஒன்றாகப் போட்டு, அறை வெப்பநிலையில் இரவு முழுக்கக் கலக்கவிட்டேன். டிஎல்சியில் (கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தட்டு) ஆல்டிஹைடு இன்னும் தெரிகிறது. புதிய புள்ளியைப் பிரித்து மாஸ் (மூலக்கூறு நிறை அளவீடு) எடுத்தால் 276, வரவேண்டியது 365. ஜனவரியில் எங்கள் லேப் காலையில் நடுங்கவைக்கும். குளிர்தான் காரணமா? ஐசோசயனைடு கொஞ்சம்தான் இருக்கிறது.

பதில் (குன்னூர்):
குளிர் வினையைத் தாமதமாக்கும், அவ்வளவுதான். 276 வேறு கதை சொல்கிறது. கூட்டிப் பாருங்கள்: ஆல்டிஹைடு 106, அமிலம் 60, ஐசோசயனைடு 109. மொத்தம் 275, அதோடு ஒரு புரோட்டான். அமீன் உள்ளே வரவே இல்லை! இது 1921-இல் பாசெரினி வெளியிட்ட மூன்று கூறு வினை. டைகுளோரோமீத்தேன் மாதிரி புரோட்டான் தராத கரைப்பான் அதற்குத்தான் தோது. 1959-இல் உகி கொண்டுவந்த நான்கு கூறு வினைக்கு மெத்தனால் வேண்டும்.

வரிசையும் முக்கியம். முதலில் ஆல்டிஹைடும் அமீனும் மட்டும் மெத்தனாலில் சேர்ந்து இமீன் (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) ஆகட்டும். அங்கேதான் உங்கள் குளிர் இடைஞ்சல் செய்யும். 30 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வையுங்கள். டிஎல்சியில் ஆல்டிஹைடு மறைந்த பிறகு அமிலம், கடைசியில் ஐசோசயனைடு. கரைசல் நீர்த்துப்போக வேண்டாம், 0.5 முதல் 1 மோலார் வரை நல்லது. அமிலம் இமீனுக்குப் புரோட்டான் கொடுத்தால், ஐசோசயனைடு ஆல்டிஹைடை விட்டு அதையே முதலில் தாக்கும். கடைசியில் வரும் மம் மறுசீரமைப்பு (அமிலத்தின் அசைல் பகுதி ஆக்சிஜனிலிருந்து நைட்ரஜனுக்கு நகரும் படி) மீளாதது. அதுதான் முழு வினையையும் முன்னே இழுக்கிறது.

பதில் (கொடைக்கானல்):
ஒன்று சேர்க்கிறேன். மலையில் மூடுபனி நாளில் ஜன்னலைத் திறந்தாலும் ஐசோசயனைடின் நாற்றம் போகாது, அதை ஃபியூம் ஹூடை (புகையை உறிஞ்சி வெளியேற்றும் அறை) விட்டு வெளியே எடுக்காதீர்கள். பாத்திரங்களை ஹூடுக்குள்ளேயே, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த மெத்தனாலில் ஊறவையுங்கள், ஐசோசயனைடு ஃபார்மமைடாகிவிடும். மிச்சம் இருக்கிறதா என்று ஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலை) 2140 செ.மீ⁻¹ பக்கம் உச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, 365 வந்துவிட்டது, ரொம்ப நன்றி! ஆனால் என்எம்ஆரில் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை) எல்லா உச்சமும் இரட்டையாகத் தெரிகிறது. டிஎல்சியில் ஒரே புள்ளிதான். கலப்படமா?

பதில் (குன்னூர்):
பெரும்பாலும் ரோட்டமர்கள், அதாவது பிணைப்புச் சுழற்சியில் மட்டும் வேறுபடும் ஒரே மூலக்கூறின் வடிவங்கள். மூன்றாம் நிலை அமைடில் சி-என் பிணைப்பு எளிதில் சுழலாது, அதனால் இரண்டு வடிவங்களும் தனித்தனியாகத் தெரியும். டிஎம்எஸ்ஓ-டி6 என்ற கரைப்பானில் 80 டிகிரிக்குச் சூடாக்கி எடுக்கச் சொல்லுங்கள். உச்சங்கள் ஒன்றுசேர்ந்தால் பொருள் சுத்தம்தான். மறுபடி காலம் குரோமட்டோகிராபி (column, பொருளைப் பிரித்துச் சுத்தம் செய்யும் முறை) ஓட்ட வேண்டாம்.