வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டுமாம்

குழு: பிறை – செந்தூல் குடும்பம்

பிறை சித்தப்பா (இரவு 8.04): எல்லோருக்கும் வணக்கம். குட்டிக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்துவிட்டது. பிசினஸ் படிப்பு, மூன்று ஆண்டு, லண்டனிலேயே. ஏஜெண்டு வெள்ளிக்கிழமைக்குள் 4,000 பவுண்டு முன்பணம் கட்டச் சொல்கிறார். பணம் தயார்.

பெரியப்பா (8.06): எஸ்டிபிஎம் தேர்வு முடித்த கையோடு இடமா! குட்டிக்கு என் வாழ்த்து.

செந்தூல் அத்தை (8.09): வாழ்த்துகள் தங்கம். தம்பி, கடிதத்தை நீ படித்தாயா, இல்லை ஏஜெண்டு சொன்னதைக் கேட்டுக்கொண்டாயா?

பிறை சித்தப்பா (8.10): ஏழு பக்கம் அக்கா. குட்டி பார்த்தாள்.

நான் (8.11): சித்தப்பா, ஏழு பக்கத்தையும் இங்கே போடச் சொல்லுங்கள்.

குட்டி (8.15): [7 படங்கள்]

நான் (8.33): படித்துவிட்டேன். முதல் பக்கத்தின் தலையில் ஒரு கல்லூரியின் சின்னம் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், பட்டம் கொடுப்பது வேறொரு பல்கலைக்கழகம் என்று போட்டிருக்கிறார்கள். அது லண்டனிலும் இல்லை. பாடம் நடத்துவது ஒருவர், சான்றிதழில் பெயர் போடுவது இன்னொருவர்.

சித்தி (8.34): அது தப்பாம்மா?

நான் (8.36): தப்பில்லை சித்தி. நம் ஊர்க் கல்லூரிகளிலும் வெளிநாட்டுப் பட்டம் இப்படி நடக்கிறது. ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் யார் சட்டையைப் பிடிப்பது? அது தெரியாமல் பணம் கட்டக் கூடாது. கல்லூரிப் பதிவுப் பிரிவில் ஒன்பது ஆண்டாக உட்கார்ந்திருக்கிறேன். பணம் கட்டிய பிறகு கேள்வி கேட்க வரும் அப்பா அம்மாக்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

பெரியப்பா (8.38): இங்கே மலேசியாவில் படிப்புகளுக்கு அங்கீகாரம் தர எம்.கியூ.ஏ. இருப்பதுபோல் அங்கே யாரும் இல்லையா?

நான் (8.44): இருக்கிறார்கள் பெரியப்பா. ‘ஆபீஸ் ஃபார் ஸ்டூடண்ட்ஸ்’ (மாணவர்களுக்கான அலுவலகம்), சுருக்கமாக ஓ.எஃப்.எஸ். 2017-இல் சட்டம் போட்டு, 2018 ஜனவரி 1-இல் தொடங்கினார்கள். அதற்கு முன் இருந்த நிதி மன்றத்தின் முக்கிய வேலை பல்கலைக்கழகங்களுக்கு அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பது. இது பிறந்ததே மாணவர் பக்கம் நின்று பார்ப்பதற்காக, பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வேறு வேறு அமைப்புகள்.

எம்.கியூ.ஏ. பெரும்பாலும் ஒவ்வொரு படிப்பையும் எடுத்து அங்கீகாரம் தருகிறது. ஓ.எஃப்.எஸ். நிறுவனத்தையே பதிவு செய்து, நிபந்தனை போட்டு, பிறகு கண்காணிக்கிறது.

பெரியப்பா (8.45): என்ன நிபந்தனை?

நான் (8.52): பாடத்தின் தரம், பண நிலைமை, நிர்வாகம், மாணவர் பாதுகாப்பு என்று நிறைய. தரத்துக்கு எண்ணே வைத்திருக்கிறார்கள். முழுநேர முதல் பட்டப் படிப்பில் 80 விழுக்காட்டினர் இரண்டாம் ஆண்டுக்குப் போக வேண்டும், 75 விழுக்காட்டினர் படிப்பை முடிக்க வேண்டும், 60 விழுக்காட்டினர் நல்ல வேலைக்கோ மேல்படிப்புக்கோ போக வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் விசாரிக்கலாம். நிபந்தனையை மீறினால் அபராதம் போடலாம்: 5 லட்சம் பவுண்டு, அல்லது கல்விக் கட்டணம், அரசு மானியம் வழியாக வரும் வருமானத்தில் 2 விழுக்காடு, இதில் எது பெரிதோ அது வரை. மிக மோசமானால் பதிவையே நீக்கலாம்.

பிறை சித்தப்பா (8.53): அப்படியென்றால் அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது. பயப்பட ஒன்றும் இல்லையே?

செந்தூல் அத்தை (8.59): தம்பி, நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரியவன் டிப்ளோமா சேர்ந்தபோது இ.பி.எஃப். சேமநிதிப் பணத்திலிருந்து 11,000 வெள்ளி எடுத்துக் கட்டினேன். கல்லூரி பெயர் வேண்டாம். மூன்றாவது செமஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போய்ப் பார்த்தால் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. அதில் ஒரு ஏ4 தாள், நாலு மூலையிலும் டேப். மழையில் பாதி எழுத்து கரைந்திருந்தது. காவலுக்கு நின்றவரிடம் கேட்டால், “எனக்கே சம்பள பாக்கி இருக்கிறது அம்மா” என்றார்.

செந்தூல் அத்தை (9.01): வேறு கல்லூரியில் சேர்த்தோம். அவன் முடித்த பாடங்களில் பாதியைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றரை ஆண்டு போனது. பணத்தைவிட அதுதான் அவனுக்கு வலி. கட்டும் முன் யாரை என்ன கேட்பது என்று எனக்குச் சொல்ல அன்று ஆள் இல்லை.

சித்தி (9.02): அண்ணி, இதை நீங்கள் எங்களிடம் சொல்லவே இல்லையே.

செந்தூல் அத்தை (9.03): சொல்ல மனம் வரவில்லை.

நான் (9.10): அத்தை சொன்னதுதான் விஷயம். இங்கிலாந்திலும் இப்போது பண நெருக்கடி இருக்கிறது. 2024-25-இல் 43 விழுக்காட்டுக் கல்வி நிறுவனங்கள் பற்றாக்குறையை எதிர்பார்ப்பதாக ஓ.எஃப்.எஸ். 2025 மே மாதம் அறிக்கை விட்டது. வெளிநாட்டு மாணவர் வரவு எதிர்பார்த்தபடி இல்லாதது பெரிய காரணம். பல்கலைக்கழகம் நொடித்தால் பணம் கொடுத்துத் தூக்கிவிட மாட்டோம் என்று அதன் முதல் தலைவர் சர் மைக்கேல் பார்பர் 2018-இலேயே சொல்லிவிட்டார். காப்பாற்றுவது மாணவரின் படிப்பை, கட்டடத்தை அல்ல.

அதற்காகத்தான் ‘மாணவர் பாதுகாப்புத் திட்டம்’ என்று ஒன்றைக் கேட்கிறார்கள். படிப்பையோ வளாகத்தையோ மூட நேர்ந்தால் இருக்கும் மாணவரைக் கடைசி வரை படிக்கவைப்பதா, வேறு இடத்துக்கு மாற்றுவதா, பணத்தை எப்படித் திருப்பித் தருவது என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அதை மாணவர் படிக்கும்படி வெளியிடவும் வேண்டும். பதிவு பெற்றவர்களுக்குத்தான் இந்தக் கட்டாயம்.

குட்டி (9.12): அக்கா, பதிவேட்டை நான் பார்க்கலாமா?

நான் (9.12): யாரும் பார்க்கலாம். ஓ.எஃப்.எஸ். இணையப் பக்கத்திலேயே தேடும் பெட்டி இருக்கிறது. இரண்டு பெயரையும் தனித்தனியாகப் போடு.

குட்டி (9.21): பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லூரி இல்லை. எழுத்து மாற்றியும் தேடினேன், வரவில்லை.

பிறை சித்தப்பா (9.21): ஐயோ.

நான் (9.27): பதற வேண்டாம் சித்தப்பா. இந்த மாதிரி ஒப்பந்தத்தில் சில கல்லூரிகளுக்குத் தனிப் பதிவு இருப்பதில்லை. குட்டியை மாணவராகப் பதிந்துகொள்வது அந்தப் பல்கலைக்கழகம் என்றால், கல்லூரியில் நடக்கும் பாடத்துக்கும் அவர்கள்தான் ஓ.எஃப்.எஸ்.ஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கடிதத்தில் அது தெளிவாக இல்லை. பட்டத்தைக் கொடுப்பதோடு அவர்கள் கை கழுவிக்கொள்ளும் ஏற்பாடாகவும் இருக்கலாம். அதை ஏஜெண்டு வாயால் கேட்டால் போதாது, பல்கலைக்கழகமே எழுத்தில் தர வேண்டும்.

குட்டி, பல்கலைக்கழகத்தின் பதிவைத் திறந்து, அவர்களுக்கென்று தனி நிபந்தனை ஏதாவது போட்டிருக்கிறார்களா என்றும் பார். இருந்தால் அங்கேயே காட்டும்.

குட்டி (9.33): தனி நிபந்தனை எதுவும் இல்லை அக்கா. அவர்கள் பக்கத்தில் பாதுகாப்புத் திட்டமும் கிடைத்தது, 9 பக்கம். இன்றிரவே படிக்கிறேன்.

பெரியப்பா (9.36): சரி, சேர்ந்த பிறகு ஏதாவது அநியாயம் நடந்தால் பிள்ளை இந்த ஓ.எஃப்.எஸ்.ஸிடம் புகார் கொடுக்கலாம் இல்லையா?

நான் (9.43): இங்கேதான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள் பெரியப்பா. தகவல் கொடுக்கலாம், ஆனால் ஒரு மாணவரின் தனி வழக்கை அவர்கள் தீர்த்துவைப்பதில்லை. முதலில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே புகார் செய்ய வேண்டும். அது முடிந்ததும் ‘நடைமுறை முடிந்தது’ என்று ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் ஓ.ஐ.ஏ. என்ற சுதந்திரத் தீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். மாணவருக்குக் கட்டணம் இல்லை, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அதே உரிமை. பதிவு பெற்ற நிறுவனம் அந்தத் தீர்ப்பாளரின் திட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதும் ஓ.எஃப்.எஸ். நிபந்தனைதான். அந்த ஒரு கடிதத்தைத் தொலைக்கக் கூடாது குட்டி.

சித்தி (9.45): கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுமா? வீட்டுக் கடன் வேறு இருக்கிறது.

நான் (9.49): நல்ல கேள்வி சித்தி. அங்கே சட்டப்படி உச்சவரம்பு உள்நாட்டு மாணவருக்குத்தான், 2025-26-இல் 9,535 பவுண்டு. நம் பிள்ளைகளுக்கு உச்சவரம்பே கிடையாது. இந்தக் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் “கட்டணம் மாறலாம்” என்று ஒரே வரி. எவ்வளவு மாறலாம் என்று இல்லை. மூன்று ஆண்டுக்கும் இதே கட்டணமா என்று கேட்டே ஆக வேண்டும்.

பிறை சித்தப்பா (9.52): ஏஜெண்டிடம் பேசினேன். வெள்ளிக்கிழமை தாண்டினால் இடம் போய்விடும் என்கிறார்.

செந்தூல் அத்தை (9.53): என்னிடமும் அதையேதான் சொன்னார்கள் தம்பி. வார்த்தைகூட மாறவில்லை.

நான் (9.58): சித்தப்பா, உங்கள் பணம், உங்கள் பிள்ளை, முடிவு உங்களுடையது. குட்டி பெயரில் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவுக்கு நேராக எழுதுவோம். நாலே கேள்வி: நான் யாருடைய மாணவி? விசாவுக்கு ஆதரவுக் கடிதம் தருவது யார்? கல்லூரி மூடினால் உங்கள் பாதுகாப்புத் திட்டம் எனக்குச் செல்லுமா? விசா கிடைக்காவிட்டாலும் கல்லூரி மூடினாலும் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும்? இதற்குப் பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் பிள்ளையை விட எனக்கு மனமில்லை.

குட்டி (10.14): எழுதிவிட்டேன். கட்டணக் கேள்வியையும் சேர்த்தேன். அக்கா, ஒருமுறை பார்க்கிறீர்களா? [படம்]

நான் (10.19): அருமையாக எழுதியிருக்கிறாய். “தயவுசெய்து முடிந்தால்” என்பதை மட்டும் எடுத்துவிடு. இது உன் உரிமை, கெஞ்ச வேண்டியதில்லை. அனுப்பு.

குட்டி (10.21): அனுப்பிவிட்டேன்.

பிறை சித்தப்பா (10.26): வெள்ளிக்கிழமை காலையில் பட்டர்வொர்த் வங்கிக்குப் போக லீவு சொல்லியிருந்தேன். பதில் வரும்வரை போகவில்லை என்று ஏஜெண்டுக்குச் சொல்லிவிட்டேன்.

செந்தூல் அத்தை (10.27): குட்டி, அந்த ஒன்பது பக்கத்தை எனக்கும் அனுப்பு. பெரியவனுக்குக் காட்ட வேண்டும்.